1 மணிக்குக் குடித்த டின் 3 மணிக்கும் விடாது

கேள்வி: வீடு ஹட்டன் பக்கம், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பரீட்சைக் காலத்தில் இரவு 9 மணிக்கு ஒன்று, 1 மணிக்கு ஒன்று என்று இரண்டு எனர்ஜி ட்ரிங்க் குடிக்கிறேன். 3 மணிக்குப் படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை. அடியோடு விட்டுவிடவா?

பதில்: விடுங்கள், ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் வேண்டாம். தினமும் குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடி தொடங்கும். இரண்டாம் நாள் கடுமையாகும், ஒரு கிழமைகூட இழுக்கும்.

250 மி.லீ. டின்னில் வழக்கமாக 80 மி.கி. கஃபீன் இருக்கும். அதில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக 5 மணித்தியாலம் வேண்டும். நீங்கள் படுக்கும் 3 மணிக்கு 9 மணி டின்னில் 35, 1 மணி டின்னில் 60, ஆக 95 மி.கி. மிச்சம் நிற்கிறது. புது டின் ஒன்றை முழுசாகக் குடித்துவிட்டுப் படுப்பதை விடக் கூட. படபடக்காமல் என்ன செய்யும்? கஃபீன் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசினின் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பிளேன்டீயையும் (பால் விடாத தேத்தண்ணி) சேர்த்தே கணக்குப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அதை ஒரு குடிப்பாகவே எண்ணமாட்டார்கள்! கோப்பைக்கு 30 முதல் 50 மி.கி.; டஸ்ட் தேயிலையில் கடுஞ்சாயம் என்றால் இன்னும் ஏறும். ஐந்து கோப்பையும் இரண்டு டின்னும் சேர்ந்தால், சுகதேகியான வளர்ந்தவருக்குச் சொல்லப்படும் நாளுக்கு 400 மி.கி. என்ற எல்லையைத் தொட்டுவிடலாம். டின்னில் 100 மி.லீ.க்கு 32 மி.கி. என்றுதான் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 500 மி.லீ. டின் என்றால் 5ஆல் பெருக்குங்கள்: 160.

முதலில் 1 மணி டின்னை நிறுத்துங்கள். மூன்று நான்கு நாள் போனதும் 9 மணி டின்னைப் பின்னேரம் 5 மணிக்கு மாற்றி, பிறகு பாதியாக்குங்கள். மிச்சத்தை ஊற்றிவிடுங்கள், வைத்திருந்தால் இரவில் கை போகும். வெறும் வயிற்றில் வேண்டாம். பின்னேரம் கண் சொருகினால் ஒரு பிளேன்டீ குடித்த கையோடு அலாரம் வைத்து 20 நிமிடம் படுங்கள். கஃபீன் ஏறத் தொடங்குவதற்கும் நீங்கள் எழும்புவதற்கும் சரியாக இருக்கும். படுப்பதற்கு முந்திய 6 மணித்தியாலம் பிளேன்டீயும் கூடாது.

சிப்ரோஃபுளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக்கோ கருத்தடை மாத்திரையோ எடுப்பவர்களுக்குக் கஃபீன் இறங்க இன்னும் அதிக நேரமாகும். சாராயத்தோடு கலக்கவே கூடாது: வெறி தெரியாது, ஏறிய சாராயம் குறையாது.

நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு முட்டல் வந்தாலோ, சும்மா இருக்கும்போதும் நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டியே நின்றாலோ விடியும் வரை பார்க்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்பியுலன்ஸை அழையுங்கள். குடித்த டின்னையும் கொண்டு போங்கள், எவ்வளவு உள்ளே போனது என்று டொக்டர் அதைப் பார்த்தே கணித்துக்கொள்வார்.