பெயர் வேண்டாம், வயதை எழுதுங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் ஏறக்குறைய பாதியில் குழந்தையின் வயதே இல்லை. வயது தெரியாமல் பதில் சொல்ல நான் கிளி ஜோசியம் பார்ப்பவள் அல்ல.

மகனுக்கு இரண்டரை வயது. இன்னும் பேச்சு வரவில்லை. அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினாராம். காத்திருக்கலாமா?

கூடாது. முதலில் காதைச் சோதியுங்கள். தட்டைத் தட்டினால் திரும்புகிறான் என்பதெல்லாம் சோதனை ஆகாது. தட்டுச் சத்தம் கேட்கிற குழந்தைக்கு ‘ச’, ‘த’ கேட்காமல் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பெரா சோதனை கேளுங்கள்; ஒலி கேட்டதும் காது நரம்பும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று கருவியால் அளப்பது அது. காது சரியாக இருந்தால், ஆட்டிசம் (பேசுவதும் பிறரோடு பழகுவதும் தடைப்படும் வளர்ச்சிக் குறைபாடு) உண்டா என்று அதே மாதத்தில் பார்த்துவிடுங்கள்.

ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகுமா?

ஆகாது. அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயது மகள் 3, 7 இரண்டையும் திருப்பிப் போடுகிறாள். வாசிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியாவா?

ஏழு வயது வரை பல குழந்தைகள் அப்படித்தான் எழுதும். விளையாட விடுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன், வாயால் கேட்டால் பாடம் முழுவதும் சொல்கிறான். எழுதினால் பிழை. சோம்பேறி என்று சொல்லி, ஒவ்வொரு பிழையையும் 50 முறை எழுதச் சொல்கிறார் ஆசிரியை.

நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினீர்களே, அது நல்ல காரியம். ‘கொய்யா’ என்ற சொல்லை ஒரே பக்கத்தில் ‘கெய்யா’, ‘காய்யா’, ‘கொயா’ என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறான். முழுதாக ஐம்பது வரி. சோம்பேறிப் பிள்ளை ஐம்பது வரி எழுதியிருப்பானா?

முப்பது வருடமாக இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுகிறேன். காது கேட்காத பிள்ளையைச் சோம்பேறி என்றார்கள், கரும்பலகை தெரியாத பிள்ளையைச் சோம்பேறி என்றார்கள், இப்போது இவனை. ‘கொ’ என்று சொல்லும்போது ‘க்’ முதலில் வருகிறது. எழுதும்போதோ கொம்பு முதலில், பிறகு க, கடைசியில் கால். காது கேட்கும் வரிசை ஒன்று, கை எழுதும் வரிசை வேறு. மற்றப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலேயே தாண்டிவிடும் இந்தப் பள்ளத்தில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை ஐந்தாம் வகுப்பிலும் விழுவான். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. (ல, ள, ழ குழப்பம் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். எனக்குக் கடிதம் எழுதும் பெரியவர்களில் பாதிப் பேருக்கு அது இருக்கிறது.)

தண்டனை எழுத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு உளவியலாளரின் மதிப்பீடு. பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (இத்தகைய பயிற்சியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கோபித்துக்கொள்பவரிடம் போக வேண்டாம்.

டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடாதா?

சான்றிதழ் அலமாரியில் இருக்கும், நெற்றியில் அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் அந்தத் தாளைக் காட்டினால்தான். தேர்வுக்கு முதல் வாரம் ஓடாதீர்கள்.

என் பையன் ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான். ஏடிஎச்டியா (கவனம் நிலைக்காத, அளவு மீறித் துறுதுறுக்கும் குறைபாடு)? பெயர் வேண்டாம்.

பெயர் வேண்டாம், சரி. வயதும் வேண்டாமா? மூன்று என்றால் அவன் குழந்தை, அவ்வளவுதான். ஒன்பது என்றால், வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் இப்படியே என்றால், குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆறு வயது மகளுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் தர மறுக்கிறார்கள்.

அதே 2016 சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே குரல் இறங்கிவிடும். காதைச் சோதித்தீர்களா? இந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சகஜம். தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.