வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க: பாதம் பத்தி வாசகர் கேள்வி, சிஸ்டர் பதில்

பாதத்தப் பத்தி கேளுங்கன்னு போன இதழ்ல ரெண்டே வரி போட்டிருந்தோம், கேள்வி வந்து குவிஞ்சிடுச்சு. நான் டாக்டர் இல்லீங்க, கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் பண்ற நர்ஸ், 18 வருஷமா இதே வேலை. அதனால கண்ணால பாத்தது கையால தொட்டத வெச்சுதான் பேசுவேன், எந்த மாத்திரை எத்தனை வேளைங்கறதெல்லாம் உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க. ஒரே மாதிரி வந்த கேள்வியெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு 12 வருஷமா சுகர். நேத்து வீட்டுத் தரையில அங்கங்க ரத்தத் திட்டு, எங்கேருந்து வருதுன்னு தேடினா அப்பா உள்ளங்கால்ல சின்ன ஆணி ஒண்ணு ஏறியிருக்கு. பிடுங்கிப் போட்டுட்டு "வலியே இல்லப்பா, இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா"ங்கறார். பாத்தா சின்ன துளைதான் தெரியுது. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க தம்பி. உங்க லெட்டர் கைக்கு வந்தவுடனே தனியா பதில் அனுப்பிட்டேன், இருந்தாலும் மத்தவங்களுக்கும் வேணுமேன்னு இங்கயும் எழுதறேன். துளை சின்னதா இருக்கறது ஆறுதலே இல்ல. ஆணி எவ்வளவு ஆழம் போச்சுன்னு வெளிய இருந்து தெரியாது, மேல்தோல் மூடிக்கும், உள்ள சீழ் வெக்கும். எலும்பு வரைக்கும் போச்சான்னு பாக்க எக்ஸ்ரே தேவைப்படலாம், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேப்பாங்க, அன்னன்னிக்கே காட்டிடணும்.

ஆனா அந்த ஆணிய விட எனக்கு பயமா இருக்கறது அப்பா சொன்ன வார்த்தைதான், வலியே இல்லங்கறது. ஆணி ஏறினா வலிக்கணும். நம்ம உடம்புல ரொம்ப நீளமா ஓடற நரம்பு முதுகுல இருந்து கால் விரல் நுனி வரைக்கும் வர்றதுதான், சுகர் கன்ட்ரோல்ல இல்லன்னா முதல்ல அடி வாங்கறதும் அதுதான். அதனாலதான் மரமரப்பு விரல் நுனியில ஆரம்பிச்சு சாக்ஸ் மாட்டின மாதிரி மெல்ல மேல ஏறுது. சிலருக்கு எரிச்சல் குத்தல்னு ஏதாவது தெரியும், அவங்க பயந்து சீக்கிரம் வந்துடுவாங்க. சிலருக்கு ஒரு சத்தமும் இல்லாம உணர்ச்சி போயிடும், அவங்கதான் எங்க ரூமுக்கு ரொம்ப லேட்டா வர்றவங்க.

பால் பிராண்ட்னு ஒரு சர்ஜன், 1940கள்ல தொழுநோய்க்காரங்களப் பாக்க ஆரம்பிச்சவர். நோய்தான் விரல அரிச்சுத் தின்னுதுன்னு பெரும்பாலானவங்க நம்பிட்டிருந்த காலம் அது. இவர் அவங்க கூடவே இருந்து கவனிச்சுப் பாத்துதான் சொன்னார், உணர்ச்சி போனதால சுடறது தெரியல, கல்லு குத்தறது தெரியல, புண்ணு மேலயே நடக்கறாங்க, அப்படி நடந்து நடந்துதான் கால் போகுதுன்னு. அதே கால மாவுக்கட்டுக்குள்ள வெச்சு அழுத்தம் படாம காப்பாத்தினா புண்ணு ஆறுச்சு. சுகர் கால் புண்ணுக்கு இன்னிக்கும் முக்கியமான வைத்தியம் அதுதான், நாங்க என்னதான் மருந்து வெச்சுக் கட்டினாலும் அந்த எடத்துல பாரம் இறங்கிட்டே இருந்தா ஆறாது.

ஒருத்தர் வந்திருந்தார், கால்ல ஏதோ வாடை அடிக்குதுன்னு மனைவிதான் இழுத்துட்டு வந்தாங்க. ஷூவ நான்தான் கழட்டினேன், கவுத்ததும் டக்குனு ஒரு பேனா மூடி விழுந்துச்சு. மூணு நாளா அது மேலதான் நடந்திருக்கார். பெருவிரலுக்குக் கீழ, அந்த மூடியோட கிளிப் எவ்வளவு நீளமோ அதே நீளத்துக்கு ஒரு பள்ளம், சுத்தி வெள்ளையா ஊறிப் போன தோல். அவர் அந்த மூடிய எடுத்துப் பாத்துட்டு "இது என் பேரனோடதாச்சே, ரெண்டு நாளா தேடிட்டிருந்தான்"ங்கறார், முகத்துல ஒரு சுளிப்பு கூட இல்ல. வலி மட்டும் இருந்திருந்தா முதல் அடியிலயே உதறியிருப்பாரேன்னு எனக்குதான் தொண்டை அடைச்சுது.

அப்பாவுக்கு உணர்ச்சி எவ்வளவு இருக்குன்னு நீங்களே வீட்ல பாக்கலாம், இப்ஸ்விச் டச் டெஸ்ட்னு பேரு, ஒரு கருவியும் வேணாம். அவர கண்ண மூடிட்டு படுக்கச் சொல்லுங்க. உங்க ஆள்காட்டி விரல் நுனியால அவரோட கால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிய ஒண்ணு ரெண்டு செகண்ட் லேசா தொடுங்க, அமுக்கக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. தொட்டது தெரிஞ்சா வலது இடதுன்னு அவர் சொல்லணும். ரெண்டு காலுக்கும் சேத்து ஆறு எடம், அதுல ரெண்டு எடமோ அதுக்கு மேலயோ தெரியலன்னா உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு எடுத்துக்கோங்க. கிளினிக்ல மோனோஃபிலமென்ட்னு ஒரு நைலான் இழைய வெச்சு 10 கிராம் அழுத்தத்துல பாப்பாங்க, சுகர் இருக்கறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதப் பண்ணிக்கணும், உணர்ச்சி போனவங்க இன்னும் அடிக்கடி.

இனிமே தினம் ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பாதத்தையும் யாராவது பாக்கணும், குனிய முடியலன்னா தரையில ஒரு கண்ணாடிய வெச்சு அது மேல கால காட்டலாம். விரல் இடுக்கையும் பிரிச்சுப் பாருங்க. செருப்பு இல்லாம வீட்டுக்குள்ள கூட நடக்க வேணாம், ஷூ போடறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டிட்டு உள்ள கை விட்டு துழாவிப் பாக்கணும், சாக்ஸ் வெளிர் கலர்ல இருந்தா கசிவு பட்டா உடனே தெரியும். வெந்நீர் பையில ஒத்தடம் வேணவே வேணாம், சுடறது அவருக்குத் தெரியாது, என்கிட்ட கொப்புளத்தோட வந்தவங்கள்ல பாதி பேருக்கு மேல அதனாலதான். குளிக்கற தண்ணியோட சூட்ட கால வெச்சுப் பாக்காம வேற யாராவது கைய வெச்சுப் பாத்து சொல்லட்டும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். சுகர் இருக்கறவங்களுக்கு புண்ணே இல்லாம ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, இன்னொரு பாதத்த விட தொட்டா சூடா இருந்தா அது சார்கோ ஃபுட்டா இருக்கலாம். உணர்ச்சி போன கால்ல எலும்பு உள்ளுக்குள்ளயே நொறுங்கிட்டிருக்கும், வலி அவ்வளவா தெரியாது. சுளுக்குன்னு நினைச்சு நடந்துட்டே இருந்தா பாதத்தோட அமைப்பே மாறிடும். கால தரையில ஊணாம அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடணும்.

கேள்வி: பித்தவெடிப்புக்கு எத்தனையோ க்ரீம் மாத்தியாச்சு, தடவினா நாலு நாள் நல்லா இருக்கு, மறுபடி வெடிக்குது. என்னதான் பண்றது அக்கா?

பதில்: உள்ளங்கால்ல வியர்வை சுரப்பி நிறைய இருக்கு, ஆனா எண்ணெய் சுரப்பி ஒண்ணு கூட கிடையாதும்மா. அதனால அந்தத் தோல் தானா மெத்துன்னு இருக்காது, நாமதான் ஈரத்த உள்ள பூட்டி வெக்கணும். பின்னாடி பிடிமானம் இல்லாத செருப்புல நாள் பூரா நின்னா குதிகால் கொழுப்பு பக்கவாட்டுல பிதுங்கும், அந்த இழுவைக்கு காஞ்ச தோல் தாங்காம வெடிக்கும். நீங்க வெடிப்பு மூடினதும் நிறுத்திடறீங்கன்னு நினைக்கறேன், நிறுத்தாதீங்க. குளிச்சு துடைச்ச கையோட, ஈரம் லேசா இருக்கறப்பவே தடவணும். தடிச்ச தோலுக்கு 25 சதவீதம் யூரியா இருக்கற க்ரீம் நல்லா வேலை செய்யும், மெத்துன்னு ஆனதும் 10 சதவீதத்துக்கு இறங்கிக்கலாம், வெடிப்பு ஆழமா இருந்தா யூரியா சுரீர்னு எரியும், அப்ப ரெண்டு மூணு நாள் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி தடவி சாக்ஸ் போட்டு தூங்குங்க. பிளேட வெச்சு சீவாதீங்க, தயவுசெஞ்சு. பியூமிஸ் கல்ல (நுரைக்கல்) ஈரமான குதிகால்ல லேசா தேச்சா போதும்.

இவ்வளவு பண்ணியும் அடங்கல, பவுடர் அப்பின மாதிரி உள்ளங்கால் பூரா வெள்ளையா செதில் இருக்கு, அதுவும் ஒரு கால்லயே அதிகம்னா, அது வெறும் வறட்சி இல்ல, பூஞ்சையா இருக்கலாம், தோல் டாக்டர் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க.

கேள்வி: சேத்துப்புண்ணுக்கு மருந்துக்கடையில கேட்டு ஒரு ட்யூப் வாங்கினேன், ரெண்டு நாள்ல அரிப்பு சுத்தமா நின்னுடுச்சு, நிறுத்தின ஒரே வாரத்துல முன்ன விட மோசமா வந்துடுச்சு. மருந்து போலியா?

பதில்: போலி இல்ல சார், அந்த ட்யூப்ல என்னென்ன சேந்திருக்குன்னு பின்னாடி படிங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் இந்த மாதிரி பேர் இருந்தா அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு அரிப்ப அடக்கும், பூஞ்சைய அடக்காது, அது பாட்டுக்கு பரவும், டாக்டர் பாத்தா கூட அடையாளம் தெரியாத மாதிரி உருவம் மாறிடும். குளோட்ரிமசோல் இல்லன்னா டெர்பினஃபின் மட்டும் இருக்கறதா கேட்டு வாங்குங்க. டெர்பினஃபின் ஒரு வாரத்துலயே கூட கேக்கும், குளோட்ரிமசோல் நாலு வாரம் வரைக்கும் ஆகும். அரிப்பு போச்சேன்னு நடுவுல விடாம அத்தனை நாளும் தடவணும், புண்ணத் தாண்டி சுத்தி ரெண்டு செ.மீ. நல்ல தோல்லயும் சேத்து. நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவுல காத்தே போகாது, அங்கதான் முதல்ல பிடிக்கும், ஒவ்வொரு தடவை கால் நனைஞ்ச அப்புறமும் அந்த இடுக்கத் துணி விட்டு துடைக்கணும். மாய்ச்சரைசர் க்ரீம் இடுக்குல கூடாது.

கேள்வி: கால் ஆணிக்கு கார்ன் கேப் போடலாமா?

பதில்: முதல்ல அது ஆணிதானான்னு பாருங்க. நல்ல வெளிச்சத்துல கைரேகை மாதிரி தோல் மேல ஓடற கோடு தெரியும். அந்தக் கோடு குறுக்க தொடர்ந்து போனா ஆணி இல்லன்னா காய்ப்பு, கோடு அந்த எடத்துல விலகிப் போய் நடுவுல கறுப்பு கறுப்பா புள்ளி இருந்தா அது மரு, வைரஸ்னால வர்றது. நேரா அமுக்கினா வலிக்கறது ஆணி, ரெண்டு பக்கமும் கிள்ளிப் பிடிச்சா வலிக்கறது மரு. கேப்ல இருக்கறது சாலிசிலிக் ஆசிட், நல்ல தோலையும் சேத்து அரிக்கும், சுகர் இருக்கறவங்களும் ரத்த ஓட்டம் குறைவா இருக்கறவங்களும் அதத் தொடவே கூடாது. மத்தவங்க போடலாம், ஆனா ஆணி வந்ததே அந்த எடத்துல ஏதோ இடிக்கறதாலதான், இறுக்கமான செருப்ப மாத்தாம எத்தனை தடவை எடுத்தாலும் திரும்ப முளைக்கும். செருப்பு ஷூ எது வாங்கினாலும் சாயந்திரம் போய் வாங்குங்க, பாதம் அப்பதான் கொஞ்சம் உப்பியிருக்கும், எழுந்து நின்னு பாக்கறப்ப நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் காலி இருக்கணும்.

கேள்வி: காலையில எழுந்து முதல் அடி வெக்கும்போது குதிகால்ல உயிர் போற வலி, பத்து அடி நடந்தா பரவாயில்ல ஆயிடுது. எலும்பு வளந்திருக்குன்னு சொல்றாங்க, ஆபரேஷன் வேணுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லம்மா. நீங்க சொல்ற மாதிரி முதல் அடியில குத்தறது பிளான்டார் ஃபேஷியைட்டிஸ், குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் அடியில போற பட்டை நைஞ்சு போயிருக்கும். எக்ஸ்ரேல தெரியற அந்த எலும்பு முள்ளு வலியே இல்லாத நிறைய பேருக்கும் இருக்கு, அதப் பாத்து பயப்பட வேணாம். கட்டில விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே உக்காந்த வாக்குல விரல்கள கையால உங்க பக்கமா இழுத்துப் பிடிங்க, பத்து எண்ணி விடுங்க, பத்து தடவை. அப்புறம் சுவத்துல கைய ஊணி, வலிக்கற கால பின்னாடி நீட்டி, குதிகால தூக்காம கெண்டைக்கால இழுங்க. சாயந்திரம் ஒரு தண்ணி பாட்டில ஃப்ரீசர்ல வெச்சு எடுத்து, ஒரு துணிய சுத்தி, உள்ளங்கால்ல உருட்டுங்க. பொறுமை வேணும், சில மாசம் ஆகும், பலருக்கு ஒரு வருஷத்துக்குள்ள சரியாயிடுது.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயசு, குனிய முடியல. கால் நகம் கல்லு மாதிரி இருக்கு, நான் வெட்டினா காயம் பட்டுடுமோன்னு கை நடுங்குது.

பதில்: நடுங்கட்டும், பரவாயில்ல, பயப்படறவங்கதான் மெதுவா வெட்டுவாங்க. குளிச்சு வந்த உடனே வெட்டுங்க, நகம் ஊறியிருக்கும். ஒரே வெட்டுல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போகாம ஓரத்துல ஆரம்பிச்சு துளித்துளியா கடிச்சுட்டு வாங்க. நேரா வெட்டணும், ஓரத்த வளைச்சு உள்ள நோண்டினா மிச்சம் இருக்கற முனை சதைக்குள்ள வளரும். ரொம்ப ஒட்ட வேணாம், வெள்ளை கொஞ்சம் விட்டுடுங்க. கூரா இருக்கற முனைய அரத்தால லேசா தேச்சு விடுங்க. கால் நகம் மாசத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கிட்டதான் வளரும், அதனால ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். மஞ்சளா உளுத்துப் போயிருந்தா பூஞ்சையா இருக்கலாம், மாத்திரை ஆரம்பிச்சாலும் புது நகம் முழுசா வர 12ல இருந்து 18 மாசம் ஆகும். அடிபடாமலே நகத்துக்கு அடியில கறுப்பா ஒரு கோடு புதுசா வந்து அகலமாகிட்டே போனா மட்டும் தள்ளிப் போடாம தோல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அம்மாவுக்கு சுகரோ கால்ல ரத்த ஓட்டக் குறைவோ இருந்தா நீங்க வெட்டாதீங்க, எங்கள மாதிரி நர்ஸ்கிட்ட கூட்டிட்டு வாங்க, பத்து நிமிஷ வேலை.