பணம் இருந்தால் போதுமா?

கேள்வி: அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில், தொடக்கத்திலேயே அதிக நிதி திரட்டுபவர்தானே ஜெயிப்பார்?

பதில்: அப்படியென்றால் 2004-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஹோவர்ட் டீன்தான் ஆகியிருக்க வேண்டும். இணையம் வழியாகச் சின்னச் சின்ன நன்கொடைகளாகச் சேர்த்தே போட்டியாளர்கள் எல்லாரையும் 2003-இல் முந்தினார், பத்திரிகைகளும் அவர்தான் முன்னணி என்று எழுதித் தள்ளின. கடைசியில் வேட்பாளரான ஜான் கெர்ரியோ அப்போது பாஸ்டன் வீட்டை அடமானம் வைத்துப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். 2004 ஜனவரி 19, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அயோவா மாநிலத்தில் உட்கட்சி வாக்கெடுப்பு. கெர்ரி முதலிடம், டீன் மூன்றாமிடம்.

அன்றிரவு தொண்டர்களை உசுப்பேற்ற டீன் போட்ட கத்தலை டிவிக்காரர்கள் நாள்கணக்கில் ஓட்டினார்கள். அரங்கமே சேர்ந்துதான் கத்தியது, ஆனால் கையிலிருந்த மைக் அவர் குரலை மட்டும் வாங்கியதால், வீட்டில் பார்த்தவர்களுக்கு மனிதர் தனியாக வெறிபிடித்துக் கத்துவதுபோல் இருந்தது. கத்தியதால் தோற்றார் என்று இன்றும் சொல்கிறார்கள், தோற்ற பிறகுதானே சார் கத்தினார்! சரி, பணம்? அயோவாவில் ஜெயித்ததும் அது கெர்ரி பக்கம் கொட்ட ஆரம்பித்தது.