சட்டம் தெரிந்தும் புள்ளி வராதது ஏன்?

வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலைச் சட்டத்தரணி ஒருவர் பதில் எழுதும் பகுதி. இம்முறை சட்டம் படிக்கும் பிள்ளைகளின் கடிதங்கள்.

அக்கா, நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம். பிரிவுகளையும் வழக்குப் பெயர்களையும் தலைகீழாகச் சொல்லுவேன். ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து ‘ஆலோசனை கூறுக’ என்று கேட்கும் கேள்விகளில் பாதிப் புள்ளிகூட வருவதில்லை. நான் எழுதிய பயிற்சி விடை ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். எங்கே பிழை?
– உவர்மலை மாணவர்

தம்பி, உங்கள் விடையை இரண்டு முறை வாசித்தேன். மற்றவரின் காணியை அவருக்கு எதிராகப் பத்து வருடம் ஆண்டவருக்கு அது உரிமையாகலாம் என்கிற ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் கேள்வியில் வருகிற மனிதர்கள் கடைசி நான்கு வரியில்தான் தலைகாட்டுகிறார்கள். சட்டம் உங்களுக்குத் தெரியும் என்பது திருத்துகிறவருக்கு முதல் பந்தியிலேயே விளங்கிவிடும். அதற்குப் பிறகு அவர் தேடுவது, அந்தச் சட்டத்தை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை.

நம் பக்கத்துக் கதையாகவே ஒன்று சொல்கிறேன், நான் கற்பனையாகக் கட்டியதுதான். நிலாவெளியில் ஒருவருக்கு அரை ஏக்கர் உறுதிக்காணி. 1990இல் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறார். போகும்போது பக்கத்து வளவுக்காரரிடம் கேற் திறப்பைக் கொடுத்து, “பார்த்துக்கொள்ளுங்கோ” என்கிறார். பக்கத்து வளவுக்காரர் வேலி அடைக்கிறார், கிணற்றைத் திருத்துகிறார், தென்னை வைக்கிறார். வருடாவருடம் உப்புவெளியில் இருக்கும் உரிமையாளரின் தமக்கைக்கு ஒரு சாக்குத் தேங்காய் போகிறது. 2010இல் அது நின்றுவிடுகிறது. 2018இல் உரிமையாளர் திரும்பிவந்து கேட்க, “இருபத்தெட்டு வருடம் ஆண்ட காணி, இனி என்னுடையது” என்கிறார் மற்றவர்.

பத்து வருடம் போதும், இங்கே இருபத்தெட்டு இருக்கிறது, ஆகவே காணி அவருக்கு. உங்கள் விடையின் போக்கில் எழுதினால் இப்படித்தான் முடியும். இனி ஒவ்வொரு விபரத்தையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

திறப்பை ஏன் சொல்லியிருக்கிறார்கள்? அவர் அனுமதியோடு உள்ளே போனவர் என்று காட்ட. அனுமதியோடு இருப்பவரின் ஆட்சி உரிமையாளருக்கு எதிரான ஆட்சி ஆகாது. ஒருநாள் மனதுக்குள் ‘இனி என்னுடையது’ என்று நினைத்துக்கொண்டால் போதாது, வெளியே தெரியும்படி ஏதாவது செய்திருக்க வேண்டும். தேங்காய்ச் சாக்கு? வாடகையோ விளைச்சலில் பங்கோ கொடுத்து மற்றவரின் உரிமையை ஏற்றுக்கொண்டால் ஆட்சியுரிமை வராது என்று நீங்கள் மனப்பாடம் செய்த அதே 3ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சாக்கு விளைச்சல் பங்கா, அயலட்டை அன்பளிப்பா? இரண்டு பக்கமும் வாதாடலாம், வாதாடுங்கள். புள்ளி அங்கேதான் குவிந்திருக்கிறது. சரி, தேங்காய் நின்ற 2010இலிருந்து எதிரான ஆட்சி தொடங்கியது என்றே வைத்துக்கொண்டாலும் 2018க்கு எட்டு வருடம்தான். வேலியும் கிணறும் காணியைப் பராமரிக்கிறவர் செய்கிற வேலையும்தான், அவை தனியே எதையும் நிரூபிக்காது. போர் காரணமாக நீதிமன்றம் போகமுடியாமல் இருந்தவர்களுக்காக வந்த 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைப் பற்றியது அது. இவர் அதற்குள் வருகிறாரா, அந்தச் சட்டம் தந்த காலத்துக்குள் வழக்குப் போட்டாரா என்று கேளுங்கள். இதே கேள்வியில் ‘உறுதிக்காணி’ என்ற இடத்தில் ‘பெர்மிட் காணி’, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி, என்று இருந்திருந்தால் விடையே வேறு, ஏனென்றால் அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது.

விரிவுரைகளில் ‘ஐராக்’ என்று சொல்லித்தருவார்கள்: விடயம், விதி, பிரயோகம், முடிவு. பிள்ளைகள் இரண்டாவதில் குடியிருந்துவிடுகிறார்கள். மூன்றாவதுதான் சட்டத்தரணியின் வேலை. எனக்கு முன்னால் வந்து உட்காருகிறவர் பிரிவு இலக்கத்தோடு வருவதில்லை, திறப்பும் தேங்காயும்தான் கொண்டுவருகிறார்.

ஆகவே பழைய வினாத்தாள் ஒன்றை எடுங்கள். கேள்வியிலுள்ள ஒவ்வொரு திகதி, தொகை, உறவு, பேச்சு எல்லாவற்றுக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டு, ‘இதை ஏன் சொன்னார்கள்?’ என்று ஓரத்தில் எழுதுங்கள். விடை எழுதி முடித்ததும் திரும்பிப் பாருங்கள். கோடு போட்ட ஏதாவது ஒன்று விடையில் வரவில்லையென்றால் விடை இன்னும் முடியவில்லை. பிரிவை மூன்று நான்கு வரியில் சொல்லிவிட்டு மனிதர்களிடம் போங்கள்.

மேடம், நான் தமிழ் மொழிமூலம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் சட்டம் படிக்கிறேன். ஒரு தீர்ப்பை வாசித்து முடிக்கவே இரவு போய்விடுகிறது. முடித்த பிறகும் ஒன்றும் மனதில் நிற்பதில்லை.
– கிண்ணியா மாணவி

மகள், தீர்ப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே வேகத்தில் வாசிக்க வேண்டாம். முதலில் மூன்றே மூன்றைத் தேடுங்கள்: யார் யாருக்கு என்ன நடந்தது, நீதிமன்றத்திடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன, பதில் என்ன. அந்த மூன்றையும் உங்கள் தமிழில் ஐந்து வரியில் எழுதுங்கள். அப்புறம் நீதியரசர் ஏன் அந்தப் பதிலுக்கு வந்தார் என்று தேடி, திரும்ப வாசிக்கலாம். இரண்டாம் முறை ஆங்கிலம் அவ்வளவு தடுக்காது, போகிற இடம் தெரிந்துவிட்டதல்லவா?

எல்லோரும் படிக்கிற டொனகியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கையே பாருங்கள். போத்தலில் நத்தை என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் அந்த ஜிஞ்சர் பியரைக் காசு கொடுத்து வாங்கியவர் அதைக் குடித்த பெண் அல்ல, அவருடைய சிநேகிதி. ஆகவே குடித்தவருக்கு யாருடனும் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாத ஒருவருக்கு உற்பத்தியாளர் கவனம் காட்டக் கடமைப்பட்டவரா என்ற கேள்வி அதனால்தான் எழுந்தது. போத்தலில் நத்தை இருந்ததாக நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவே இல்லை. இருந்தது என்று வைத்துக்கொண்டு சட்டக் கேள்வியை மட்டும் 1932இல் பிரித்தானியாவின் அப்போதைய மிக உயர்ந்த நீதிமன்றமான பிரபுக்கள் சபை தீர்த்தது, அதுவும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில். எதிர்த்த இருவர் சொன்னதையும் வாசியுங்கள். பெரும்பான்மையின் நியாயம் அப்போதுதான் முழுதாக விளங்கும்.

இன்னொன்று. வாசித்ததைச் சட்டம் படிக்காத ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். வாப்பா, உம்மா, தங்கச்சி, யாராக இருந்தாலும் சரி. அவர்கள் “அப்ப ஏன் அப்பிடி?” என்று கேட்கிற இடத்தில் நீங்கள் தடுமாறினால், திரும்ப வாசிக்க வேண்டிய பக்கம் அதுதான். ஆங்கிலம் வரவில்லை என்று மனம் சோர வேண்டாம் மகள். உங்களுடைய சிரமத்தில் பாதி மொழியினுடையது, மீதி தீர்ப்பு என்கிற வடிவத்தினுடையது. அந்த மீதி ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும் இருக்கிறது.

யூரியூப்பில் தமிழ்நாட்டுச் சட்ட வகுப்புகள் நன்றாக விளங்குகின்றன. அவற்றை வைத்துப் படிக்கலாமா?
– தம்பலகாமம் வாசகர்

பாடத்தைப் பொறுத்தது. நமது 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது, அதனால் அந்த விளக்கங்கள் பெரிதும் உதவும். ஆனால் இந்தியாவில் 2024 யூலை முதல் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. புதிய வீடியோக்களில் வரும் பிரிவு இலக்கங்கள் நமக்குப் பொருந்தாது. தண்டனைச் சட்டக்கோவையும் அப்படித்தான், கருத்து நெருங்கியது, இலக்கம் வேறு: கொலைக்கு நமக்கு 294, அவர்களுடைய பழைய கோவையில் 300.

ஒப்பந்தச் சட்டத்துக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம். அவர்களுக்குப் பிரதிபயன், அதாவது வாக்குறுதிக்குப் பதிலாகக் கிடைக்கும் ஏதாவது ஒன்று, இல்லாமல் பொதுவாக ஒப்பந்தம் இல்லை. நமக்கு உரோம-டச்சுச் சட்டம், பிரதிபயன் கட்டாயமில்லை, நியாயமான காரணம் இருந்தால் போதும். 1918இல் ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில், அப்போது நமது கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் உறுதிப்படுத்தியது இதைத்தான். வீடியோ பார்த்துவிட்டு, நம் நாட்டுச் சட்டத்தைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிடாமல் குறிப்பு எழுத வேண்டாம்.

நான் இன்னும் முதலாம் வருடம்தான். நீதிமன்றத்துக்குள் போய் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா?
– மூதூர் மாணவி

விடுவார்கள். பெரும்பாலான வழக்குகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. ஒழுங்கான உடையோடு வாருங்கள், கைப்பேசியை நிறுத்திவிடுங்கள், பின் வாங்கில் இருங்கள். முதலில் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு காணி வழக்கின் குறுக்கு விசாரணையைக் கேளுங்கள். அவசரமாக எல்லாவற்றையும் எழுத வேண்டாம். சட்டத்தரணி கேட்ட கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டு, அவர் எந்த விபரத்தை நிரூபிக்கப் பார்க்கிறார் என்று வீட்டுக்குப் போய் யோசியுங்கள். விளங்காததை இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள், பதில் தருகிறேன்.