ஸ்காபரோவில் வாத்தியக் கடை போடலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, மனைவி ஸ்பொன்சர் செய்ததால் நிரந்தர வதிவிடம் இருக்கிறது, இப்போது வெயர்ஹவுசில் இரவு வேலை. மிருதங்கம் வாசிக்கவும் தோல் மாற்றவும் தெரியும். கையில் 15,000 டொலர். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நம்முடைய வாத்தியங்கள் விற்கும் சின்னக் கடை ஒன்று போடலாமா?

வியாபாரம் தொடங்கலாம். கடை இப்போதைக்கு வேண்டாம்.

இங்கே பிள்ளைக்கு மிருதங்கமோ வீணையோ தேவைப்பட்டால் பல பெற்றோர் விடுமுறை வரும்வரை பொறுத்திருப்பார்கள். மார்கழி சீசனுக்குச் சென்னை போய், மயிலாப்பூரில் தட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கி, பயணப் பொதியோடு ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த விலைக்கு உங்களால் விற்க முடியாது. வயலின், கிற்றார், கீபோர்ட் பக்கம் போகவே வேண்டாம். லோங் அன்ட் மக்குவேட் 1956இல் ரொறன்ரோவில் தொடங்கிய கடை, மாத வாடகைக்கே வயலின் கொடுக்கிறார்கள். சுருதிப் பெட்டி வியாபாரத்தைக் கைப்பேசிச் செயலி விழுங்கிவிட்டது. ஆனால் மயிலாப்பூரில் வாங்கிய அதே மிருதங்கம் ஜனவரி மாதம் இங்கே கெட்டுப்போனால் அந்தத் தாய் தகப்பன் எங்கே தூக்கிக்கொண்டு போவார்கள்? உங்கள் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது.

குளிர்காலத்தில் வெளியே ஸ்னோ கொட்டும், ஆனால் வீட்டுக்குள் ஹீற்றர் ஓடி ஓடிக் காற்று காய்ந்துபோயிருக்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் இறங்கும். பலா மரமும் ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அதைத் தாங்காது. வலப்பக்கத் தோலான வலந்தலையின் சுருதி தானாக ஏறும், அதன் நடுவில் பூசிய கரிய கரணை பொருக்குப் பொருக்காகப் பெயரும், இழுத்துக் கட்டும் தோல் வார் இறுகி, வாயில் ஏற்றும் தோற்கட்டான மூட்டின் விளிம்பு அறுக்கத் தொடங்கும். ஹீற்றர் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்த மிருதங்கத்தின் கட்டையில் நெடுக்காக வெடிப்பு விழுந்ததை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். வீணைக்கு வேறு துன்பம். தந்தியை அழுத்தும் இடத்திலுள்ள உலோகக் கம்பிகளான 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பவை. கோடையில் காரின் பின்பெட்டியில் விட்டால் மெழுகு இளகி மெட்டுச் சரியும், குளிரில் விட்டால் மெழுகு வெடிக்கும். வருகிற ஒவ்வொரு வாத்தியத்தோடும் ஒரு ஈரப்பத மானியை விற்றுவிடுங்கள். 40 முதல் 50 சதவீதம் வரை வைத்திருக்கச் சொல்லிக் கொடுங்கள். சின்னப் பொருள்தான், ஆனால் உங்களுக்கு விஷயம் தெரியும் என்று பெற்றோருக்கு விளங்கிவிடும்.

அடுத்தது, உங்கள் வாடிக்கையாளர் பெற்றோர் என்று நினைக்காதீர்கள். எதை வாங்குவது என்று தீர்மானிப்பது ஆசிரியர். பெண் பிள்ளைகள் பாடும் வகுப்புக்கு ஐந்து கட்டைச் சுருதி, ஆண் குரலுக்கு ஒரு கட்டைச் சுருதி, நடன வகுப்புக்கு அந்த நட்டுவாங்கக்காரருக்குப் பழகிய சுருதி என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் மிருதங்கம் படிப்பிக்கும் ஆசிரியர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள். முதல் சந்திப்பில் எதையும் விற்க வேண்டாம். அவருடைய வாத்தியம் ஒன்றை வாங்கிவந்து, வலந்தலையைச் சரியாகக் கட்டி, கரணை அழகாகப் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அவர் ஒருதரம் தட்டிப் பார்த்துத் தலையாட்டினால் அந்த வகுப்பே உங்களிடம் வரும். கமிஷன் கேட்பவர்களும் இருப்பார்கள். கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். நான் கொடுப்பதில்லை, பதிலுக்கு அவர்களுடைய சொந்த வாத்தியத்தை இலவசமாகப் பார்த்துக் கொடுப்பேன்.

பழகுகிற பிள்ளைகளுக்கு வாடகை மிருதங்கம் நன்றாக ஓடும். வகுப்புகள் செப்டெம்பரில் தொடங்கும், விஜயதசமியோடு புதுப் பிள்ளைகள் சேர்வார்கள். இந்தப் பிள்ளை தொடருமா, நிறுத்துமா என்று தெரியாத பெற்றோர் முதல் வருடம் வாங்கத் தயங்குவார்கள். நட்டும் போல்ட்டும் வைத்த மிருதங்கம் என்றால் வார் இழுக்கத் தெரியாத பெற்றோரே சுருதியைச் சரிசெய்யலாம். மூத்த வித்துவான்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இறக்குமதி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூரியரில் நிறையைப் பார்ப்பதோடு பெட்டியின் பருமனையும் பார்ப்பார்கள். வீணை ஒன்றை 135×45×45 சென்ரிமீற்றர் பெட்டியில் வைத்தால், பருமனை 5,000 ஆல் வகுக்கும்போது 54 கிலோவுக்கு மேல் வருகிறது. வீணையின் சொந்த நிறை அதில் ஒரு சின்னப் பங்குதான். ஆகவே வீணையை ஒவ்வொன்றாக வரவழைத்தால் கட்டுப்படியாகாது, முன்பணம் வாங்கி நாலைந்தைச் சேர்த்துக் கப்பலில் எடுங்கள். மரப் பெட்டியில் வந்தால் அந்த மரம் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது என்று ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்திலிருந்தே திருப்பி அனுப்பக்கூடும். தோலுக்கும் மூட்டுக்கும் கனடிய உணவு ஆய்வு முகமையின் விதி உண்டு. அவர்களுடைய ஏஐஆர்எஸ் என்ற இணையத் தேடலில், எந்த நாட்டிலிருந்து எந்த விலங்கின் தோல் என்று கொடுத்து, ஓடர் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் பிடித்துத் தட்டும் சின்னத் தோல் வாத்தியமான கஞ்சிரா கேட்டும் ஆட்கள் வருவார்கள். உடும்புத் தோல் போட்டதைத் தொடவே வேண்டாம். அந்த உடும்பு, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இருக்கிறது, இந்தியாவிலும் அதைப் பிடிப்பது குற்றம். ஆட்டுத் தோல் அல்லது செயற்கைத் தோல் போட்டதை மட்டும் வையுங்கள். தாத்தா காலத்து வீணையில் தந்த வேலைப்பாடு இருந்தால் அதையும் வாங்கி விற்காதீர்கள். தபேலாவுக்கு வரும் சீஷம் மரம் 2017இலிருந்து அதே ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்துவிட்டது. மரப் பலகையாகக் கொண்டுவந்தால் இன்னும் அனுமதிப் பத்திரம் வேண்டும்.

பதிவு வேலை லேசு. தனிநபர் வியாபாரமாக ஒரு பெயரை ஒன்ராறியோவில் பதிய இணையத்தில் 60 டொலர், ஐந்து வருடத்துக்குச் செல்லும். தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டும்வரை 13 சதவீத விற்பனை வரியான எச்எஸ்டியை வசூலிக்கும் கடமை இல்லை. ஆனாலும் இறக்குமதி செய்பவர் முதலிலேயே பதிந்துவிடுவது நல்லது, எல்லையில் கட்டும் விற்பனை வரியைத் திரும்ப எடுக்கலாம். வீட்டில் வைத்து விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் எந்த இடத்தில் என்ன தொழில் செய்யலாம் என்று சொல்லும் ரொறன்ரோவின் வலய விதி இடம் கொடுக்காது, பேஸ்மென்றைக் கடையாக்க முடியாது. வகுப்புக்கோ வீட்டுக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். பழுதுபார்க்கும் மேசை பற்றி நகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்து உங்கள் முகவரியைச் சொல்லிக் கேளுங்கள்.

பிளாசாவில் கடை எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் வாடகை மட்டுமில்லை. அதற்குமேல் சொத்து வரி, பராமரிப்பு, காப்புறுதி என்று ரிஎம்ஐ சேரும். பல வருட ஒப்பந்தத்துக்கு உங்கள் பெயரில் தனிப்பட்ட உத்தரவாதமும் கேட்பார்கள். வீட்டு வாடகைக்காரருக்கு இருக்கும் பாதுகாப்பு கடைக்காரருக்கு இல்லை. வாடகை 15 நாள் பிந்தினால் பதினாறாம் நாள் உரிமையாளர் பூட்டை மாற்றலாம். உள்ளே இருக்கும் வாத்தியங்களும் அப்போது பூட்டுக்குள்தான். உங்கள் 15,000ஐ மூட்டு, வார், கருவிகள், ஆறேழு வாடகை மிருதங்கம், பொறுப்புக் காப்புறுதி என்று பிரியுங்கள். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள். வெயர்ஹவுஸ் வேலையையும் இப்போதைக்கு விடாதீர்கள்.

கடன் சொல்லிக்கொண்டு வருவார்கள். அரங்கேற்றம் முடியத் தருகிறேன் என்பார்கள், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போனபிறகு உங்களுக்கு மிஞ்சாது. சொந்தக்காரரானாலும் வாத்தியம் கைமாறும்போதே ஈ-ட்ரான்ஸ்ஃபர் வந்துவிட வேண்டும்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. மூட்டு ஒன்றை முதலிலிருந்தே நீங்களே கட்டுவீர்களா, அல்லது கட்டிவந்த மூட்டு ஒன்றை ஏற்றிக் கரணை போடுவீர்களா? அதைச் சொன்னால் எந்த அளவுகளில் எத்தனை மூட்டு முதலில் எடுப்பது என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.