தம்பி தரும் ஐபோன் – கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

பர்மாவில் மோல்மேன் நகரிலிருந்து எழுதுகிறேன். 2019இல் வாங்கிய சாம்சங் போன்தான் இன்னும் என் கையில் இருக்கிறது. இடமில்லை என்று தினமும் சொல்கிறது, அப்டேட் வந்தும் பல வருடமாகிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, தான் வைத்திருந்த ஐபோன் 11ஐக் கொடுத்தனுப்புகிறேன் என்கிறான். கல்லூரிக்குப் போகும் மகளும் மாறச்சொல்லி நச்சரிக்கிறாள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பெற்றோர் எல்லோரும் ஆண்ட்ராய்டுதான். மறைந்த அப்பா அனுப்பிய குரல் செய்திகள் என் வாட்ஸப்பில் இருக்கின்றன. பழைய பர்மியக் குறிப்புகளும் பெயர்களும் பாதி உடைந்து தெரிகின்றன. ஐபோனில் அது சரியாகுமா? மாறலாமா?

ம.

அன்புள்ள தங்கைக்கு,

மாறுவதோ மாறாமல் இருப்பதோ அப்புறம். முதலில் அப்பாவின் குரலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் 'ஃபைல்ஸ்' செயலியைத் திறந்து ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸப் என்று உள்ளே போனால் 'வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் வருடமும் வார எண்ணும் சேர்ந்த பெயரில் வரிசையாகக் கோப்புறைகள் தெரியும். 202214 என்றால் 2022ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். எது அப்பாவுடையது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மொத்தமாக ஒரு கணினியிலும் ஒரு மெமரி கார்டிலும் நகல் எடுத்துவிடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவு வயதான போன் என்றைக்கு நின்றுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆண்ட்ராய்டு வாட்ஸப் தன் நகலை கூகுள் டிரைவில் வைக்கிறது. ஐபோனால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. 2022இல்தான் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு உரையாடல்களைக் கொண்டுபோக வாட்ஸப் வழி செய்தது. அதுவும் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலி மூலமாக, ஐபோனை முதன்முதலாக அமைக்கும் நேரத்தில். ஒரு வாரம் ஐபோனைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, சரி, பழையதைக் கொண்டுவரலாம் என்று நினைத்தால், ஐபோனை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி எழுத்து. ஐபோனுக்கு மாறினால் உடைந்த பர்மிய எழுத்துகள் சரியாகாது. தமிழில் 'கே' எழுதினால் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும், போனுக்குள் முதலில் ககரம், பிறகுதான் கொம்பு. பர்மிய எழுத்திலும் அப்படி இடப்பக்கம் நிற்கும் ஒரு குறி உண்டு. இன்றைய போன்கள் எல்லாம் பின்பற்றும் பொது எழுத்துமுறையான யுனிகோடு அதையும் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் வைக்கிறது. நம் நாட்டில் பல வருடம் ஓடிய ஸோஜி எழுத்துருவோ, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அதை முன்னால் வைத்தது. அதனால் ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் எழுத்து சிதறிவிடும். 2019 அக்டோபர் 1 முதல் நாடு யுனிகோடுக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டது. உங்கள் பழைய குறிப்புகள் அதற்கு முந்தைய காலத்தவையாக இருக்க வேண்டும். எந்தப் புதிய போனிலும் அவை இப்படித்தான் தெரியும். ஸோஜியை யுனிகோடாக மாற்றித்தரும் செயலிகள் இருக்கின்றன. தொடர்பு எண்களில் உள்ள பெயர்களையும் முக்கியமான குறிப்புகளையும் பழைய போனிலேயே மாற்றி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்த பிறகு புதியதற்குக் கொண்டுபோங்கள்.

தமிழைப் பொறுத்தவரை இரண்டிலும் குறையில்லை. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் 2013 முதல் உள்ளேயே வருகின்றன. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகை இருக்கிறது, 2017 முதல் தமிழில் பேசினாலே தட்டச்சு செய்துகொள்கிறது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? உங்களைச் சுற்றி இருப்பவர்களை வைத்துத்தான் என்பேன். 2014இல் புதிய கம்பெனிகள் 1,500 கியாட்டுக்கு சிம் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன்பு, ஒரு சிம்மின் விலை லட்சக்கணக்கில் இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். சிம் மலிந்ததும் நம் ஆட்கள் விலை குறைந்த ஆண்ட்ராய்டைத்தான் வாங்கினார்கள். இன்றும் வகுப்புக்கு வரும் ஒரு தாய், 'டீச்சர், தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது?' என்று போனை நீட்டினால், உங்கள் விரல் தானாக அந்த இடத்துக்குப் போக வேண்டும். அது பெரிய விஷயம். அந்தக் குழந்தைகள் வீட்டில் பாட்டிக்குத் தமிழில் ஒரு வரி அனுப்புவதே உங்கள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் வேறு போனில் இருந்தால், ஒவ்வொரு முறையும் அவர்கள் போனில் எது எங்கே என்று தேட வேண்டி வரும்.

இன்னொன்று, கரண்ட். ஐபோன் 11க்கு வேறு வகை சார்ஜர் முனை. கரண்ட் வந்துபோகும் நேரத்தில், வீட்டில் இருக்கிற ஒரே வயரில் எல்லாப் போனுக்கும் சார்ஜ் ஏற்ற முடிவது எவ்வளவு நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் எண்ணம்: மாற வேண்டாம். ஆனால் இந்தப் பழைய போனிலேயே இருக்கவும் வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் பணம் அனுப்பும் செயலியை வைத்துக்கொள்வது எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு ஆண்ட்ராய்டு வாங்குங்கள். கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று கடையில் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதை. 2024இல் வந்த சாம்சங் எஸ்24க்கு ஏழு வருடம் என்றார்கள். விலை குறைந்த ஏ16 5ஜிக்கே ஆறு வருடம். கூகுள் கணக்கைக் கடைக்காரர் திறந்து தருகிறேன் என்றால் விடாதீர்கள். உங்கள் எண்ணில், நீங்களே வைக்கும் கடவுச்சொல்லில் திறந்துகொள்ளுங்கள்.

தம்பியின் ஐபோன் வீணாக வேண்டாம், மகளுக்குக் கொடுங்கள். அவள் வயதில் புதியதைப் பழகுவது சுலபம், ஆசையும் இருக்கிறது. ஒன்று மட்டும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்: அனுப்புவதற்கு முன் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுதாக அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மோல்மேனில் திறக்கும்போது அவன் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொண்டு நிற்கும்.

அன்புடன்,
அண்ணன்