இருபது வருஷம் ஓட்டியவருக்கும் பிரேக் பயிற்சி வேண்டுமா? பைக் ஓட்டுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்டன: வண்டி ஓட்டத் தெரிந்த பிறகு மேற்கொண்டு எதை, எங்கே, யாரிடம் கற்றுக்கொள்வது? ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இருபது வருஷமாக பைக் ஓட்டுகிறேன். பெரிய விபத்து எதுவும் இல்லை. எனக்குப் பயிற்சி வகுப்பால் என்ன பயன்?

உங்களைப் போலவே ஒருவர் என் வகுப்புக்கு வந்தார். மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்து, தரையில் சாக்பீஸால் போட்ட கோட்டைத் தாண்டியதும் பிரேக் பிடிக்கச் சொன்னேன். பின் டயர் கிறீச்சிட்டு தரையில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு போட்டது, வண்டி லேசாகப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே போய் நின்றது. அவருடைய வலது கை விரல் நாலும் ஆக்சிலேட்டர் பிடியைச் சுற்றியே இருந்தன. முன் பிரேக்கை அவர் தொடவே இல்லை. சின்ன வயதில் யாரோ 'முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும்' என்று சொன்னதை இத்தனை வருஷம் காப்பாற்றி வந்திருக்கிறார்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு நகர்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு மிதித்தாலும் அது வழுக்கத்தான் செய்யும். உலர்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சுமார் 9, 10 மீட்டரில் நின்றுவிடலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். அந்தக் கூடுதல் தூரத்தில்தான் குறுக்கே வந்த கார் நிற்கிறது.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த சுமார் 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த விபத்துகளில் சிக்கிய ஓட்டுநர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். பின் பிரேக்கை அழுத்தி வழுக்கியதும் முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காததும்தான் அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. விபத்தைத் தவிர்க்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. அந்த இரண்டு வினாடியில் யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை பழகியதைத்தான் செய்யும். இருபது வருஷத்தில் உங்கள் கை எதைப் பழகியிருக்கிறது என்று ஒருவர் வெளியே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். வகுப்பின் பயன் அதுதான்.

கேள்வி: எங்கள் பக்கம் பயிற்சிப் பள்ளி எதுவும் இல்லை. தனியாகப் பழக முடியுமா?

தாராளமாக. காலியான, மணலும் எண்ணெயும் இல்லாத ஒரு தளம், சில பழைய தண்ணீர் பாட்டில்கள், ஒரு சாக்பீஸ், வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் போட்டுக்கொண்டுதான், ஏனென்றால் மெதுவாக ஓட்டும்போதும் விழுவோம்.

முதலில் மெதுவாக ஓட்டப் பழகுங்கள். வேகமாகப் போகும்போது வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும், நடக்கிற வேகத்தில்தான் ஓட்டுபவரின் கை தெரியும். ஜப்பானில் லைசென்ஸ் தேர்வில் 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பலகையின் மேல் ஓட்டிக் காட்ட வேண்டும். சீக்கிரம் கடந்துவிட்டால் மதிப்பெண் குறையும்! பெரிய பைக் என்றால் 10 வினாடியாவது எடுத்துக்கொள்ள வேண்டும், நடுத்தர பைக்குக்கு 7 வினாடி. நீங்கள் பலகையெல்லாம் வைக்க வேண்டாம், இரண்டு சாக்பீஸ் கோடு போதும். கிளட்சை முழுக்க விடாமல் அது பிடிக்க ஆரம்பிக்கும் இடத்திலேயே வைத்து, ஆக்சிலேட்டரை ஒரே அளவில் நிறுத்தி, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். முன் பிரேக்கை இங்கே தொடாதீர்கள், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி பொத்தென்று சாய்ந்துவிடும். கிளட்ச் சூடாகும், அதனால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஆற விடுங்கள்.

அப்புறம் யூ-டர்ன், எட்டு, பாட்டில்களுக்கு நடுவே வளைந்து போவது. பிரேக் பயிற்சியை 20 கிலோமீட்டரில் ஆரம்பித்து, பத்துத் தடவை நேராக, ஆட்டமில்லாமல் நின்ற பிறகுதான் 30-க்குப் போக வேண்டும். முன் பிரேக்கை ஈரத் துணி பிழிவது போல, முதலில் லேசாக, எடை முன்னால் வந்ததும் இறுக்கமாகப் பிடியுங்கள். நண்பர் ஒருவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாம் செய்ததாக நினைப்பதும் உண்மையில் செய்ததும் எவ்வளவு வேறு என்று அதில்தான் தெரியும்.

கேள்வி: நல்ல பயிற்சி வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு கேள்வி கேளுங்கள். வகுப்பு நேரத்தில் நான் வண்டி மேல் எவ்வளவு நேரம் இருப்பேன்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? பதினைந்து பேரை ஒருவர் பார்க்கிறார் என்றால் உங்களை அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அமெரிக்காவில் 1973-இல் தொடங்கிய மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் புதியவர்களுக்குச் சின்ன பைக்குகளில், மூடிய தளத்தில் படிப்படியாகக் கற்றுத் தருகிறது. பிரிட்டனில் 1990 முதல் புதியவர்கள் தனியாக ரோட்டுக்கு வருமுன் சிபிடி என்ற அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும், அதில் குறைந்தது 2 மணி நேரம் பயிற்றுநரோடு ரோட்டில் ஓட்ட வேண்டும். அங்கே எனக்கு மிகவும் பிடித்தது பைக்சேஃப்: ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர் முன்னால் ஓட்ட, போலீஸ் பைக் ஓட்டுநர் பின்னாலேயே வந்து பார்த்து, நிறுத்திப் பேசுகிறார். இப்படிப் பின்னால் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லும் வகுப்பு உங்களுக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: வளைவு வந்தாலே பயம். எப்போதும் கோட்டை விட்டு வெளியே போய்விடுகிறேன்.

நீங்கள் வளைவில் எங்கே பார்க்கிறீர்கள்? பயந்தவர் ரோட்டின் ஓரத்தைப் பார்ப்பார், கண் போன இடத்துக்கே வண்டியும் போகும். வகுப்பில் நான் வளைவின் முடிவில் நின்று விரல்களைக் காட்டுவேன், ஓட்டுபவர் எத்தனை விரல் என்று கத்திச் சொல்லிக்கொண்டே திரும்ப வேண்டும். விரலை எண்ண ஆரம்பித்ததும் தலை தானாகத் திரும்பும், வண்டியும் பின்னாலேயே வரும். நாலு சுற்றில் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, வலது பக்கம் திரும்ப வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுங்கள். தலைகீழாகத் தோன்றும், ஆனால் வண்டி சாய்வது அப்படித்தான். விமானம் கண்டுபிடித்த வில்பர் ரைட் சைக்கிள் கடைக்காரரும்கூட. இடது பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள் ஓட்டிகளைக் கேட்டும், முதல் தடவையிலேயே முழுக்கச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். எல்லோரும் அறியாமல் செய்கிறோம். அறிந்து செய்தால், அவசரத்தில் குழியைத் தவிர்க்கவும் அதே தள்ளல் உதவும். வேகத்தை மட்டும் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிடுங்கள்.

கேள்வி: என் பைக்கில் ஏபிஎஸ் இருக்கிறது. பிரேக் பயிற்சி அவசியமா?

அவசியம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும், ஆனால் உங்களுக்குப் பதிலாக லிவரை அழுத்தாது. கைக்குள் அது படபடவென்று துடிப்பதை முதல் தடவை உணர்ந்ததும் பலர் பயந்து பிடியை விட்டுவிடுகிறார்கள். அந்தத் துடிப்பை மைதானத்தில் வேண்டுமென்றே வரவழைத்துப் பழகிக்கொள்ளுங்கள். சாய்வை உணரும் வகை ஏபிஎஸ் இல்லையென்றால் வளைவில் அதை நம்பி அழுத்த வேண்டாம்.

கேள்வி: எனக்கு 52 வயது, இப்போதுதான் பைக் பழகுகிறேன். கணவர் கற்றுத் தருகிறார், தினமும் சண்டையில் முடிகிறது.

வயது பிரச்சினையே இல்லை, சண்டைதான் பிரச்சினை. அவர் பக்கத்தில் நின்று பதறினால் உங்கள் தோளும் விறைக்கும், விறைத்த தோளோடு யாராலும் திரும்ப முடியாது. வெளியாள் ஒருவரிடம் போங்கள். அதுவரை இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் பதியும் சின்ன வண்டியில் உட்கார்ந்து, முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மயிரிழையாக விட்டு வண்டி ஒரு அடி நகர்ந்ததும் திரும்பப் பிடியுங்கள். இதை மட்டும் ஐம்பது தடவை செய்யுங்கள். கிளட்ச் பிடிக்கும் இடம் விரலுக்குத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

கேள்வி: ரேஸ் டிராக்கில் நடக்கும் பயிற்சி ரோட்டில் ஓட்டுபவருக்கு உதவுமா?

அடிப்படை சரியாக இருந்தால் உதவும். எதிரே வண்டி வராத இடத்தில் ஒரே வளைவை ஐம்பது தடவை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் டிராக்கில் கிடைத்த தைரியத்தை ரோட்டுக்குக் கொண்டு வராதீர்கள், தயவுசெய்து. மண் தரையில் சின்ன வண்டியோடு ஒரு நாள் பழகினால் டயர் வழுக்குவது எப்படி இருக்கும் என்று குறைந்த வேகத்திலேயே தெரிந்துவிடும், என் ஓட்டு அதற்குத்தான்.

கேள்வி: பின்னால் ஆளை ஏற்றிப் பழகத் தனிப் பயிற்சி உண்டா?

மேலே சொன்ன அதே பயிற்சிகள்தான், ஆளோடு. வண்டியோடு வந்த புத்தகத்தில் இரண்டு பேருக்கான டயர் காற்றும் ஸ்பிரிங் அளவும் போட்டிருக்கும், முதலில் அதை மாற்றுங்கள். ஏறும் முன், இறங்கும் முன் சொல்ல வேண்டும், வளைவில் எதிர்ப்பக்கம் சாயக் கூடாது என்று அவரிடம் பேசிவிடுங்கள். அப்புறம் மைதானத்திலேயே வண்டியைக் கிளப்பிக் கிளப்பி நிறுத்துங்கள். அவருடைய ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் இடிக்காமல் தொடர்ந்து பத்துத் தடவை நின்றுவிட்டால், ரோட்டுக்குப் போகலாம்.